கட்லா வைத்த அரியர்ஸ்

ஊர் பெயர் வீக். இறங்கிய அரை மணி நேரத்தில் என் பர்ஸும் வீக்! ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி சூப், நம்ம காசுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். பி.காம். படித்த பாவம், ஸ்பூனுக்கு 75 ரூபாய் என்று கணக்குப் போட்டபடியே குடித்தேன். கிண்ணத்தை வழித்தது பசியால் அல்ல சார், வயிற்றெரிச்சலால்.

ஐஸ்லாந்தின் தென்கோடியில், தலைநகர் ரெய்க்யவீக்கிலிருந்து சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கிற குட்டியூண்டு ஊர். 2023 ஜூனில், லண்டனில் வேலை பார்க்கும் நண்பன், "கிளம்புடா மாப்ளே" என்று இழுத்துக்கொண்டு போனான். ராத்திரி பதினோரு மணிக்கும் ஜன்னலில் பளிச்சென்று வெளிச்சம். எப்போது தூங்குவது என்றே தெரியவில்லை.

தங்கின வீட்டுக்காரம்மா தன் பெயரைச் சொன்னார். கடைசியில் 'டோட்டிர்' என்று முடிந்தது. அங்கே பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாதாம். அப்பா பெயரோடு ஆணுக்கு 'சன்', பெண்ணுக்கு 'டோட்டிர்'. அதாவது இன்னாருடைய மகன், மகள்.

"எங்க ஊர்லயும் அப்பா பேர்தாங்க. ஆனா சிக்கனமா ஒரே எழுத்து!" என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டு, ஜன்னல் வழியே குன்றின் மேலிருந்த சர்ச்சைக் காட்டினார். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை.

"போன்ல எச்சரிக்கை வந்தா நேரா அங்க ஓடுங்க. கட்லா வெடிச்சா வெள்ளம் வரும்."

கட்லா என்றதும் எனக்கு மீன் குழம்புதான் ஞாபகம் வந்தது. இது எரிமலையாம்! ஊருக்கு வடக்கே பல நூறு மீட்டர் பனிக்கட்டிக்கு அடியில் படுத்திருக்கிறது. எழுந்தால் பனி உருகி ஊரை நோக்கி வரும். சுமார் 40 முதல் 80 வருஷத்துக்கு ஒருமுறை வெடிப்பது வழக்கம். கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918-ல். ஆக, நூறு வருஷத்துக்கும் மேலாக அரியர்ஸ்! அரியர்ஸ் வைத்தவன் நிலைமை எனக்குத் தெரியும் சார். எப்போது எழுதுவான் என்று அவனுக்கே தெரியாது.

மறுநாள் பக்கத்திலிருக்கும் ரேனிஸ்ஃப்யாரா கடற்கரை. மணல் கன்னங்கரேல். ஆறு பட்டை பென்சில்களை அடுக்கி வைத்தமாதிரி எரிமலைப் பாறைகள். கடலுக்குள் நிற்கிற கரும்பாறைகள், ராத்திரி முழுக்கக் கப்பலை இழுத்துக்கொண்டிருந்து, விடிந்ததைக் கவனிக்காமல் கல்லாகிப்போன பூதங்களாம். ஓவர்டைம் பார்ப்பவர்கள் கவனிக்க!

வாசலிலேயே பெரிய போர்டு: கடலுக்கு முதுகைக் காட்டாதே. இங்கே சின்னச் சின்ன அலையாக வந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஒன்று வெகுதூரம் ஏறி வந்து ஆளை இழுத்துப் போய்விடும். பலர் செத்திருக்கிறார்கள். 2022-ல் நடந்த ஒரு சாவுக்குப் பிறகு எச்சரிக்கை விளக்கும் வைத்தார்கள். அன்று விளக்கு சிவப்பில் இல்லை. எனக்கு அதுவே தைரியம்.

"மாப்ளே, பூதமும் விழற மாதிரி எடுடா!"

கடலுக்கு முதுகைக் காட்டி, பல்லைக் காட்டினேன். க்ளிக். அடுத்த நொடி நண்பன் என்னவோ கத்தினான். திரும்புவதற்குள் முழங்கால்வரை ஐஸ் தண்ணீர். காலடியில் கூழாங்கற்கள் உருண்டு கடல்பக்கம் இழுத்தன. விழுந்தேன். யாரோ ஒரு பெரியவரும் நண்பனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பெரியவர் திட்டவில்லை. போர்டு இருந்த பக்கம் விரலை மட்டும் காட்டிவிட்டு நடந்தார்.

வீட்டுக்காரம்மா என் பேன்ட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சூடாக சூப் வைத்தார். இதற்குக் காசு வாங்கவில்லை. கணக்குப் போடாமல் சூப் குடித்தது அன்றைக்குத்தான்.

அந்த போட்டோ இன்னும் இருக்கிறது. நான் ஈயென்று இளிக்கிறேன். எனக்குப் பின்னால், என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக எழுந்து நிற்கிறது அலை.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஸ்வெட்டர் நல்லா இருக்குடா. யாரு குடுத்தா?"