அருவியும் முகத்துவாரமும்

"குற்றாலம் போய் வந்தீர்களே, நன்றாகக் குளித்தீர்களா?" சுற்றுலா முடிந்து திரும்பிய நாள்முதல் எல்லோரும் எங்களைக் கேட்கும் கேள்வி இதுதான். நன்றாகவே குளித்தோம். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பதிலை முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே எங்கள் வகுப்புத் தோழியர் அனைவரும் பேசி முடிவு செய்ததை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறோம்.

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் பொதிகை விரைவு வண்டியில் ஏறினோம். மறுநாள் காலை தென்காசி. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் குற்றாலம். பகல் முழுவதும் அங்கே; மாலையில் மீண்டும் அதே வண்டி. ஒரு பகலுக்காக இரண்டு இரவுகள் ரயிலிலா என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால் தென்காசி நிலையத்தில் இறங்கியதும், மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் தலையில் மேகமும் தெரிய, சாரல் முகத்தில் பட்டதே, அப்போதே களைப்பெல்லாம் பறந்துவிட்டது. புகைபோக்கிகளையும் கன்டெய்னர் லாரிகளையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது ஒரு பெரிய விருந்து.

பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்றொரு சிறிய மலையடி ஊர் உண்டு. அதன் ஊற்று நீர் நோய் தீர்க்கும் என்று நம்பிப் பல நூற்றாண்டுகளாக மக்கள் அங்கே சென்றார்கள். நாளடைவில் அந்த ஊரின் பெயரே அத்தகைய ஊர்களுக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்டது. குற்றாலத்தைத் 'தென்னகத்தின் ஸ்பா' என்று சொல்வது அதனால்தான். ஆயினும் குற்றாலத்தின் பெருமைக்கு வெள்ளையர் வைத்த பட்டம் தேவையில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியது 18-ஆம் நூற்றாண்டில். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை இங்கேதான் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. தங்கியிருந்து நண்பர்களோடு கம்பனைச் சுவைத்ததும் இவ்வூரில்தான். கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஆங்கிலேயர்கள் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள். சாரல் காலத்தில் வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள்.

வேனில் போகும்போது எங்கள் வரலாற்று ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். அதே கம்பெனி காலத்தில், சென்னைப் பட்டணத்து வெள்ளையர்கள் ஓய்வெடுக்கவும் படகு விடவும் தேடிப்போன இடம் ஒன்று உண்டாம். எது என்று கேட்டார். ஏற்காடு என்றோம், மகாபலிபுரம் என்றோம். "எண்ணூர்" என்றார் அவர். நாங்கள் சிரித்துவிட்டோம். பிறகு, ஏன் சிரித்தோம் என்று எங்களுக்கே வெட்கமாயிருந்தது.

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் தலையைக் கொடுத்தோம். மேலிருந்து விழும் நீர் நடுவில் பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து கீழே வருகிறது. தணிந்து வரும்போதே முதுகில் ஆயிரம் கைகள் தட்டுவதுபோல் இருக்கிறது. அந்த ஆனந்தத்தில்தான் அந்தத் தவறைச் செய்தோம். எங்களில் ஒருத்தி ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்தாள். மற்றவர்கள் கை நீட்டினோம். நுரை எங்கள் காலடியில் ஓடியது. காலிப் பாக்கெட்டுகளும் கூடவே ஓடின.

அருகில் குளித்துக்கொண்டிருந்த அவ்வூர்ப் பாட்டி ஒருவர் கோபப்படாமல் கேட்டார்: "ஏ பிள்ளைகளா, கீழ உள்ளவங்க இந்தத் தண்ணியத்தான் புழங்குதாங்க, தெரியுமா?"

எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையில், அருவிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. பேரருவியாக விழுவது சிற்றாறு. அது தென்காசிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. புன்னைக்காயலோ பழம்பெரும் கத்தோலிக்க மீனவர் ஊர். இதை ஆசிரியை சொன்னதும் எங்களுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எங்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் வாழ்பவர்கள் நாங்கள்.

ஆற்றின் முடிவில் வாழ்வது எப்படி என்று எங்களைக் கேளுங்கள், சொல்கிறோம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியதில் கரையெல்லாம் எண்ணெய்க் கசடு படிந்தது. மக்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. படகும் வலையும் கறுத்தன. பிடித்த மீனை வாங்க ஆளில்லை. கழிமுகத்தின் அடியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடப்பதால், இறாலும் நண்டும் தேடிப்போகும் பெரியவர்கள் வெறும் பறியோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கீழே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று இவர்கள் நினைக்கவே மாட்டார்களா?"

அந்தக் கேள்வியையே குற்றாலத்துப் பாட்டி எங்களைக் கேட்டார். நாள்தோறும் ஆற்றின் கடைசியில் இருக்கும் நாங்கள், வாழ்க்கையில் ஒரே ஒரு பகல் ஆற்றின் தொடக்கத்தில் நின்றோம். நின்ற அன்றே, கீழே இருப்பவர்களை மறந்துவிட்டோம்.

"ஆலைக் கழிவும் ஒரு ரூபாய் ஷாம்பும் ஒன்றா?" என்று சிலர் கேட்கலாம். ரயிலில் எங்களுக்குள்ளேயே இந்த வாதம் நடந்தது. இரண்டும் ஒன்றல்லதான். ஆலைகளைக் கேட்க வேண்டியது அரசின் கடமை, நீதிமன்றத்தின் கடமை. எங்கள் பாக்கெட்டைக் காட்டி அவர்கள் தப்பித்துவிடக் கூடாது. ஆனால் குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வருகிறவர்கள் நாங்கள் நாற்பது பேர் மட்டும் அல்ல, இலட்சக்கணக்கானோர். ஒவ்வொருவரும் 'ஒரு பாக்கெட்தானே' என்று நினைத்தால் ஆறு என்ன ஆகும்? அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. தடை இருந்தும் எங்கள் பையில் பாக்கெட் இருந்ததே! எண்ணூருக்காக நியாயம் கேட்கிற கை முதலில் சுத்தமாக இருக்க வேண்டாமா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில் இவ்வுலகை நம் பொது இல்லம் என்கிறார். மறைக்கல்வி வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கினோம். பொது இல்லம் என்றால் மாடியில் இருப்பவர் கொட்டுவது கீழ்வீட்டார் தலையில் விழும் என்பதே பொருள் என்று இப்போதுதான் புரிகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் மூன்று. தங்கைகளே, அடுத்த ஆண்டு நீங்கள் குற்றாலம் போகும்போது மாற்றுடையும் துண்டும் மட்டும் கொண்டு போங்கள். அந்த நீருக்கு வேறெதுவும் வேண்டாம். பெற்றோர்களே, பயணப் பையில் நீங்களே அன்போடு எடுத்து வைக்கும் பாக்கெட்டுகளை எடுத்துவிடுங்கள். அன்புள்ள அருட்சகோதரிகளே, இரண்டு இரவு பயணம் செய்து அருவியைக் காட்டினீர்கள். அதற்கு என்றும் நன்றியுடையோம். இனி ஆண்டுக்கு ஒரு நாள், அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய எண்ணூர் முகத்துவாரத்துக்கும் எங்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கே குளிக்க முடியாதுதான். ஆனால் ஒரு காலத்தில் மக்கள் நலம் தேடி வந்த நீர் அது. அதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளைகள் இந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்து வரட்டும்.