கையெழுத்து மட்டும் போதுமா?

சுகாதாரச் சீர்திருத்தம் கோரும் ஸ்தாபனங்கள் இணையதளத்தில் கையெழுத்துத் திரட்டினால் போதும், ஊர் ஊராய் அலைவது வீண் சிரமம் என்பது படித்தவர்களிடையே பரவிவிட்ட அபிப்பிராயம். செலவு குறைவு, வேகம் அதிகம் என்று அவர்கள் சொல்வது மெய்யே. ஆனாலும் அது மட்டும் போதாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று: கையெழுத்திடுபவர் யார்? ரிஷிவந்தியத்துக்கு மேற்கே கல்வராயன் மலையில், கைபேசியில் ஒரு கோடு சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டிய ஊரிலிருந்து, பிரசவ வலியில் துடிக்கும் மகளை டோலி கட்டித் தூக்கிவரும் தகப்பனின் விண்ணப்பம் எந்தத் தளத்தில் பதிவாகும்?

இரண்டு: 2000 டிசம்பரில் கல்கத்தாவில் மக்கள் சுகாதார சாசனம் என்னும் கோரிக்கைப் பத்திரத்தை ஏற்றவர்கள், கிராமங்களில் கூடிப் பேசி ரயிலேறிச் சென்ற ஜனங்கள். தளம் சாசனத்தைப் பரப்பும், எழுதாது.

மூன்று: 2023-இல் ராஜஸ்தான் சுகாதார உரிமைச் சட்டம் இயற்றியபோது தனியார் மருத்துவர்கள் வீதியில் இறங்கியல்லவா எதிர்த்தார்கள்? உரிமையைக் கோருபவர் மட்டும் ஏன் திரைக்குள் அடங்க வேண்டும்?