வாசலிலேயே விலை

கலிபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் 1955 ஜூலையில் டிஸ்னிலாந்து பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் 1 டொலர். விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம். 2024 ஒக்டோபரில், கூட்டம் மிகுந்த நாட்களுக்கான ஒருநாள் சீட்டின் விலை 200 டொலரைத் தாண்டியது. அத்தகைய நாளில் பெற்றோரும் இரு பிள்ளைகளும் வாசலைக் கடக்கவே அப்போது ஏறக்குறைய 800 டொலர் வேண்டியிருந்தது. உணவும் தங்குமிடமும் வேறு. முன்பு இலவசமாயிருந்த விரைவு வரிசைக்கும் 2021 முதல் பணம் அறவிடப்படுகிறது. வசதியுள்ளவரின் பிள்ளை முந்திச் செல்ல, மற்றப் பிள்ளை வெயிலில் காத்து நிற்கிறது.

கடன்பட்டேனும் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர், அவர்களைக் குறைகூறலாகாது. ஆயினும், செலவே அன்பின் அளவுகோல் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் அந்த இழப்பை எப்பணமும் ஈடுசெய்யாது.

விலை எப்போதும் ஏழையை வாசலில் நிறுத்தவேண்டியதில்லை. ஆட்டுக்குட்டி கொடுக்க இயலாதவர் இரு புறாக்களை ஒப்புக்கொடுக்கலாம் எனத் திருச்சட்டம் இடமளித்தது. திருக்குடும்பமும் எருசலேம் ஆலயத்தில் பறவைகளையே காணிக்கையாக்கியது. நம் இல்லங்களிலும் விடுமுறை நாளின் சிறந்த காணிக்கை, பெற்றோர் பிள்ளைகளோடு முழுமனதாய்ச் செலவிடும் நேரமே. அதற்குக் கடற்கரை மணலும் ஒரு பொதி சோறும் போதும்.