கையெழுத்திடும் முன்

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981-இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையத்தில், 2024-இல் ரோபோ அறுவைப் பிரிவு தொடங்கப்பட்டது. வயிற்றைக் கீறாமல், சிறு துளைகள் வழியே காமிராவும் கருவியும் செலுத்திச் செய்யும் ஆபரேஷன் ஓர் அரசு நிறுவனத்துக்கு வந்திருப்பது, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் தமிழ்த் தொழிலாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே.

ஆயினும் மலக்குடல் புற்று முற்றிய நிலையில் வருவோருக்குத் துளை சிறிதா பெரிதா என்பது முதற் கேள்வி அல்ல. 8 நாடுகளில் 1,044 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. எந்த முறையில் செய்தாலும், 3 ஆண்டுக்குள் அதே இடத்தில் நோய் மீண்டது நூற்றுக்கு 5 பேருக்கே. துளை வழியில் இரத்த இழப்பு 400 மில்லி லிட்டரிலிருந்து 200 ஆகக் குறைந்தது. ஆஸ்பத்திரியில் தங்கியது 9 நாளுக்குப் பதில் 8 நாள். கூலி வேலை செய்பவருக்கு அந்த ஒரு நாளும் பெரிதுதான். ஆனால், பக்கத்து உறுப்புகளில் ஊடுருவிய கட்டி உள்ளோர் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை. துளை வழியில் தொடங்கியவர்களிலும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது.

கட்டியைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை கிழியாமல் முழுதாக எடுக்கப்படுகிறதா என்பதே முக்கியம் என்று பிரிட்டிஷ் சர்ஜன் ஹீல்ட் 1982-லேயே எடுத்துக்காட்டினார். முற்றிய நோய்க்குப் பெரும்பாலும் முதலில் கதிர் சிகிச்சையும் மருந்தும் தருகிறார்கள். கட்டி சுருங்க வாரக்கணக்கில் காத்திருந்து, பின்னரே கத்தி. இந்த இடைவெளிதான் ஆபத்தானது. இரத்தம் நின்றதும் குணமாகிவிட்டதென்று வேலைக்குத் திரும்பி விடுபவர் உண்டு. அதற்கும் முன்பே, மூலம் என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவிக் காலம் கழித்தவர் உண்டு. டாக்டர் உறையணிந்த விரலால் சோதிப்பது ஒரு நிமிஷ வேலை. அதற்கு வெட்கப்பட்டு உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நோயாளிக்கு எந்த மொழியில் சொல்வது? 1956 நவம்பர் 1-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே பெறலாம் என்கிறது 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். ஒரு மனுவுக்கு உள்ள உரிமை, தன் உடலில் கத்தி வைக்கச் சம்மதிக்கும் தாளுக்கு வேண்டாமா? ஆசனவாய் போகுமா, வயிற்றில் பை வைப்பார்களா, அது சில மாதமா ஆயுள் முழுதுமா என்பதை, பேச மட்டுமே மலையாளம் தெரிந்தவர் படிக்க முடியாத தாளில் ஒப்புக்கொள்வது சம்மதம் ஆகாது.

இத்தாலுகாவின் அரசு ஆஸ்பத்திரிகள் அனைத்திலும், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படும் இடங்களிலும் சம்மதப் படிவமும் விளக்கத் தாளும் தமிழிலும் கிடைக்கக் கேரள சுகாதார இலாகா ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய செலவில்லை. தமிழ் படித்த குமாஸ்தா ஒருவரும் இருந்தால், குடும்ப அட்டை தமிழ்நாட்டிலும் வேலை கேரளத்திலுமாக இருப்பவருக்கு எந்த இன்ஷூரன்ஸ் திட்டம் செல்லும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே சொல்லிவிடலாம்.