காஸ்ட்டும் கிளாஸும்

இங்கிலீஷில் 'காஸ்ட்' என்றும் 'கிளாஸ்' என்றும் இரண்டு வார்த்தைகள் உண்டு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே படும். தமிழிலோ இரண்டையுமே 'வகுப்பு' என்று சொல்லி வந்திருக்கிறோம். ஆனால், இவற்றின் பேதம் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்கேயாகும்.

'கிளாஸ்' என்பது பழைய ரோமாபுரியில் ஜனங்களைச் சொத்தின் அளவுப்படி பிரித்ததிலிருந்து வந்த சொல். 'காஸ்ட்' என்பதோ போர்த்துக்கேசியர் இந்நாட்டிற்கு வந்து, இங்கு கண்ட பிறவிப் பிரிவினைக்குத் தங்கள் பாஷையிலிருந்து கொடுத்த பெயர். இரயிலில் இரண்டாவது கிளாஸில் வந்தவன், கையில் பணம் சேர்ந்தால் மறுநாள் முதல் கிளாஸில் ஏறலாம். காஸ்ட்டுக்கு அப்படி டிக்கட் மாற்றிக் கொடுக்கும் ஸ்டேஷன் எங்கேனும் உண்டா? லக்ஷாதிபதியானாலும் பிறந்த ஜாதி கூடவேதான் வருகிறது.

நிற்க, இந்திய அரசியல் சட்டம் 'காஸ்ட்' காரணமாகப் பேதம் காட்டலாகாது என்கிறது. பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்கச் சொல்லுமிடத்திலோ 'கிளாஸ்' என்று எழுதியிருக்கிறது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவு 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் செத்தது முதல் வார்த்தையினால்தான். அவ்வருஷமே சட்டத்தைத் திருத்திக் கல்வியில் இடம் ஒதுக்க வழி செய்தபோதும் 'கிளாஸ்' என்றே போட்டார்கள். 1962-ல் மைசூர் வழக்கில், ஜாதியையே பிரதான அளவுகோலாக வைத்துக் கிளாஸைத் தீர்மானிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதாவது, அடிபட்டது காஸ்ட்டினால். மருந்துக்குப் போனால் கிளாஸ் சீட்டு கொண்டுவா என்பது! என்ன நியாயம் பாருங்கள்! பிறகு 1968-ல் சென்னை வழக்கொன்றில்தான், ஒரு ஜாதி முழுவதும் பிற்பட்டிருந்தால் அதுவும் ஒரு கிளாஸே என்று ஒப்புக்கொண்டார்கள். 1992-ல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சில் பெரும்பான்மையோரும் ஜாதி ஒரு கிளாஸாக இருக்கக்கூடும் என்றே கூறினார்கள்.

"ஏழை எல்லா ஜாதியிலும் இருக்கிறானே, கிளாஸை மாத்திரம் பார்த்தால் போதாதா?" என்று இன்றும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஏழைக்கு உதவுவதில் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை. ஆனால், 2019-ல் 103-வது திருத்தத்தின் மூலம் ஏழைகளுக்கென்று 10 சதவிகிதம் வரை ஒதுக்க வழி செய்தபோது நடந்ததென்ன? அதில் காஸ்ட்டும் இல்லை, கிளாஸும் இல்லை. 'செக்ஷன்' என்று மூன்றாவது வார்த்தை ஒன்று வந்தது. பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, மலைஜாதி ஏழைகளுக்கு அதில் இடமில்லை. ஐந்து நீதிபதிகளில் மூவர் 2022-ல் அது செல்லும் என்றார்கள். ஏழ்மைதான் கணக்கு என்றால், அந்த ஏழைகளை வாசலில் நிறுத்தியது காஸ்ட்டா, கிளாஸா என்று கேட்கிறோம்.