ஸ்கிரீன் சேவர் கரண்ட்டை மிச்சப்படுத்தாது!

திருவரங்குளத்தில் உள்ள எங்கள் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பிறகு கரண்ட் பில் கூடிவிட்டதாக அம்மா சொன்னார். விடுமுறைக்குப் போனபோது காரணம் தெரிந்தது. ஆளில்லாத அறையில் ஃபேனை உடனே நிறுத்தும் அம்மா, கம்ப்யூட்டரை மட்டும் இரவு முழுக்க ஓடவிட்டிருந்தார். கேட்டால், "அதான் ஸ்கிரீன் சேவர் ஓடுதேப்பா, மிச்சம்தானே?" என்றார்.

பெயர் செய்த குழப்பம் இது. பழைய பிக்சர் டியூப் மானிட்டர்களில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் ஸ்கிரீன் சேவர். அது காப்பது திரையை; மின்சாரத்தை அல்ல.

100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தினமும் இரவில் ஓடினால் 2 மாதத்தில் 60 யூனிட். தமிழகத்தில் 2016-ல் வீடுகளுக்கு 2 மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என அறிவித்தார்கள். அதில் பாதிக்கு மேல் வீணாகப் போகிறது!

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, 5 நிமிடத்தில் திரை அணையவும், 15 நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குச் செல்லவும் அமைத்துவிடுங்கள். இரவில் ஷட் டவுன் செய்து, பிளக் சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள்.

தவறு அம்மாவுடையது அல்ல, என்னுடையது. கம்ப்யூட்டர் வாங்கித் தருபவர் அதை ஆன் செய்ய மட்டுமல்ல, ஆஃப் செய்யவும் சொல்லித் தர வேண்டும்.