காது செய்த சொற்கள்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

வகுப்பில் ஒருவன் ஆங்கிலச் சொல்லொன்றைத் தவறாகக் காதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டால் போதும். பின் வரிசைச் சிரிப்பு அடங்க நெடுநேரமாகும். அதன்பின் ஆண்டு முழுவதும் அவன் வாய் திறப்பதில்லை. சிரிப்பவர்களை ஒன்று கேட்கிறேன்: ஆங்கிலேயர் காது மட்டும் என்ன, பொன்னாலா ஆனது?

கிரிக்கெட் பித்துக் கொண்ட நண்பர்களே, 'அம்பயர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். இரு தரப்பிலும் இணை சேராதவர் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் 'நௌம்பர்' என்றே வழங்கியது. 'எ நௌம்பர்' என்று சொன்னபோது, கேட்டவர்கள் நகரத்தைப் பிய்த்து முன்னால் ஒட்டி 'ஆன் ஔம்பர்' ஆக்கிவிட்டார்கள். நடுவரின் தலையெழுத்தே போயிற்று! இடுப்பில் கட்டும் 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'ஆடர்' என்னும் விரியன் பாம்பு 'நாடர்'. எங்கள் விலங்கியல் பாடத்து 'நியூட்'டுக்கோ, இல்லாத நகரம் வந்து ஒட்டிக்கொண்டது.

நம் நாட்டிற்கு வந்த பிறகாவது காது திருந்திற்றா? முகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழுந்த குரல், வெள்ளைச் சிப்பாய்களுக்கு 'ஹாப்சன் ஜாப்சன்' ஆயிற்று. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த அகராதிக்கு அதுவே பெயர். (பர்னல் நம் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்.) நமது மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்று அதில் இடம் பெற்றிருக்கிறது. அவர்கள் தவறாகக் கேட்டால் அகராதி. கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்து வந்தவன் தவறாகக் கேட்டால் கேலி!

தவறே சரி என்று நான் வாதாடவில்லை. இன்று 'நேப்ரன்' என்று எழுதினால் யார் மதிப்பெண் தருவார்? ஆனால் அறியாத சொல்லைக் காது தான் அறிந்த சொல்லாக மாற்றித்தான் கேட்கும். என் பெற்றோர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆங்கிலம் ஒலித்ததேயில்லை. ஆசிரியர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். இப்படி வந்தவர்கள் இக்கல்லூரியில் பலர்.

விரிவுரையாளர்கள் புதிய சொல்லைச் சொல்லும்போதே கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பாதித் தொல்லை தீரும். மாணவனும் "ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று எழுந்து கேட்க வேண்டும். அப்போது யாரும் திரும்பிப் பார்க்காதிருந்தால், அதுவே அவனுக்குச் செய்யும் பேருதவி.